5 சதுர மீட்டர் உறை, 24 சதுர மீட்டர் பாய்

புதுச் சிவப்புத் துண்டோடு வெள்ளை வேட்டியை ஊறப்போட்டவருக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். பாய்மரப் படகில் வெயில் தாக்காமல் பாயைக் காக்கத்தான் உறை போடுகிறார்கள். மலிவான நீல உறை அந்தப் பாயிலேயே சாயத்தை இறக்கிவிடுகிறது.

அளவு: சுமார் 10 மீட்டர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முக்கோணப் பாயின் உயரம் 12 மீட்டர், அடிப்பக்கம் 4 மீட்டர். பரப்பு 24 ச.மீ. உறையின் நீளம் 4 மீட்டர், சராசரி அகலம் 1.25 மீட்டர்; பரப்பு 5 ச.மீ. பாயை இறக்கி மடித்துத்தான் உறை போடுவார்கள்; அரை மீட்டருக்கு ஒரு மடிப்பு என்றால் பாயில் 23 மடிப்புகள் விழும். உறை உரசுவது இந்த மடிப்பு விளிம்புகளில்தான். அதனால் பாயை விரித்ததும் கறை வரிவரியாகத் தெரியும்.

காரணம்: பாயில் படியும் கடல் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நனைந்த பாயை அப்படியே மடித்து மூடினால், உறைத் துணியின் மேலோடு நிற்கும் சாயம் ஈரத்தோடு நகர்ந்து பாயில் ஏறும். கரைசலிலேயே நிறமி கலந்து இழுத்த அக்ரிலிக் இழையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மாவிலேயே மஞ்சள் சேர்த்துப் பிழிந்த முறுக்குக்கும், பிழிந்தபின் மேலே தூவிய முறுக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. 1961-இல் அமெரிக்காவின் கிளென் ரேவன் நிறுவனம் கொண்டுவந்த சன்பிரெல்லா இந்த வகை. படகுக்கான ரகம் சதுர மீட்டருக்குச் சுமார் 314 கிராம். நம் உறைக்கு 1.57 கிலோ.

செலவு: மலிவுத் துணி ச.மீ.க்கு 1 பங்கு, நல்ல துணி 3 பங்கு என்று வைத்துக்கொண்டால், மலிவு உறையால் மிச்சம் 10 பங்கு. பாய்த்துணியும் 3 பங்குதான் என்றாலும், புதுப் பாய்க்குத் துணி மட்டுமே 72 பங்கு. தையல் கூலி தனி.

கழுவ: பூஞ்சை பிடித்த அக்ரிலிக் உறைக்கு 8 லிட்டர் தண்ணீர், 500 மி.லி. குளோரின் பிளீச், 125 மி.லி. மென்மையான சோப்பு, 15 நிமிடம் ஊறல். பிறகு நன்றாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும். தண்ணீரின் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. பாலியஸ்டர் பாய் நீர்த்த பிளீச்சைத் தாங்கும். முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளலாம். நைலான், கெவ்லார் பாய்களில் பிளீச் படவே கூடாது. இழை பலம் இழந்துவிடும்.

வாங்குமுன்: சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 சோதனையில் 9 நியூட்டன் அழுத்தத்தில் 10 தடவை தேய்க்கிறார்கள். ஒட்டிய கறைக்குத் தரும் மதிப்பெண்ணில் 1 மோசம், 5 சுத்தம். கடையிலும் செய்து பார்க்கலாம்: நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் துணியை 10 தடவை அழுத்தித் தேயுங்கள். நீலம் ஏறினால் நட்டம் ஒரு கைக்குட்டையோடு போகும்.