எல்லைக் கிராமங்களில் மரியாதை வழக்கும் குறுஞ்செய்தியும்

1. எல்லைச் சூழல்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. அவ்வட்டத்துப் பாறசாலையும் தமிழ்நாட்டுக் களியக்காவிளையும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து உள்ளன. பாறசாலைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயிலும் பிள்ளைகள் உண்டு. இவர்கள் கைப்பேசிவழி ஆசிரியர்க்கும் உறவினர்க்கும் அனுப்பும் செய்திகளில் மரியாதை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. மரியாதை அமையும் இடம்

தமிழில் மரியாதை வினைமுற்றின் ஈற்றிலேயே வெளிப்படும். 'அவன் வந்தான்', 'அவர் வந்தார்' என்பன காண்க. ஒருவரைப் பன்மையால் சுட்டும் உயர்வு வழக்கைத் தொல்காப்பியக் கிளவியாக்கமும் குறிப்பிடுகிறது. மலையாள வினைமுற்றுக்கோ இடம், பால் காட்டும் ஈறு இல்லை. 'அவன் வன்னு', 'அத்தேஹம் வன்னு' என இரண்டிடத்தும் வினை ஒன்றே. எனவே அங்கு மரியாதையைப் பெரிதும் தாங்குவன பெயர்களும் விளிச்சொற்களுமே.

'நீங்கள்' என்பது தமிழில் மரியாதைச் சொல். அதற்கு இனமான 'நிங்ஙள்' என்பதை மலையாளத்தில் ஆசிரியரை நோக்கிக் கூறுவது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படும். 'சார் எப்போள் வரும்?' என்பதே அங்குப் பணிவான வினா. இவ்வமைப்பை அப்படியே பெயர்த்து, தமிழ் உறவினரிடம் 'மாமா எப்போது வரும்?' என வினவினால், 'வரும்' என்பது பொதுத்தமிழில் அஃறிணை முடிபாக ஒலிக்கும். இரண்டிடத்தும் பிள்ளையின் எண்ணத்தில் பிழையில்லை. ஆயினும் பழி வளர்ப்பின்மீது விழுகிறது.

3. குறுஞ்செய்தியில் நேர்வது

நேர்ப்பேச்சில் குரலின் தணிவும் எழுந்து நிற்றலும் சொல்லின் குறையை ஈடுசெய்யும். கேட்பவர் முகம் மாறினால் பிள்ளை உடனே திருத்திக்கொள்ளும். எழுத்துச் செய்தியில் இவை இல்லை. மேலும், சுருக்கம் கருதி முதலில் விடப்படுவது விளிச்சொல்லே. தமிழில் 'எப்ப வருவீங்க?' என்று மட்டும் எழுதினும் ஈறு மரியாதையைக் காக்கும். மலையாளத்தில் 'சார்' நீங்கினால் 'எப்போள் வரும்?' என்பதில் மரியாதை காட்டும் உறுப்பு எதுவும் எஞ்சாது.

4. பெற்றோர் பணி

கோயம்புத்தூர் மாவட்டத்துத் தமிழ்ச் சிற்றூர்ப் பேச்சையும் சான்றாகக் கொண்டு பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1978இல் வெளியிட்ட பணிவுக் கோட்பாடு, பிறர் முகம் கெடாமல் காக்கும் நோக்கம் எல்லா மொழிகளுக்கும் பொது என்றும், அதற்கான வழிகள் சமூகந்தோறும் வேறுபடும் என்றும் கொள்கிறது. ஆதலின் 'மரியாதையாக எழுது' என்னும் பொதுவான அறிவுரை எல்லைப்பகுதிப் பிள்ளைக்குப் போதாது. மலையாளச் செய்தியில் விளிச்சொல்லை விடலாகாது. தமிழ்ச் செய்தியில் வினையீற்றை விடலாகாது. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் கற்பித்தல் வேண்டும். அனுப்பும் முன் செய்தியை வாய்விட்டுப் படிக்கச் செய்தலும் பயன் தரும். எழுத்தில் மறைந்த குறை செவிக்குப் புலப்படும். பெற்றோர் தாம் அனுப்பும் செய்திகளிலும் இம்முறையைப் பேணின், பிள்ளைகள் இரு மொழியின் மரியாதையையும் இயல்பாகப் பெறுவர் எனலாம்.