கதவைச் சரியாகச் சாத்த வேண்டும்

ஓர் ஆள் மேடைக்குள் வருகிறான். அதே நொடியில் அவன் கண்ணில் படவே கூடாத ஒருவர் எதிர்க் கதவு வழியாக நழுவுகிறார். இரண்டு கதவும் ஒரே சத்தமாகச் சாத்தப்பட்டால் அரங்கம் சிரித்து உருளும். ஒன்று அரை நொடி பிந்தினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அடுத்த இரண்டு பக்க வசனமும் அதோடு போயிற்று. ஃபார்ஸ் என்னும் நாடக வகை இந்த அரை நொடிகளை நம்பித்தான் பிழைக்கிறது. பெங்களூரில் ஒரு உயர்நிலைப் பள்ளி நாடகக் குழு பழங்காலத்து ஃபார்ஸ் ஒன்றைப் போட நினைத்தால், நடிகர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒரு தச்சரைப் பிடித்துவிடுவது நல்லது.

வடமொழி நாடக இலக்கணம் ஃபார்ஸுக்குப் பக்கத்தில் வைக்கிற வகை பிரகசனம். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரகசனங்களில் ஒன்று காஞ்சிபுரத்தில் நடக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் அது. குடித்துவிட்டுத் திரியும் காபாலிகச் சைவத் துறவி ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். அவனுக்குப் பிச்சைப் பாத்திரமே அதுதான். உள்ளே வறுத்த இறைச்சி இருந்ததால் நாய் தூக்கிப் போய்விட்டது. இவனோ அந்த வழியே வந்த பௌத்த பிக்குவைப் பிடித்துக்கொள்கிறான். பஞ்சாயத்துக்குப் பாசுபத சைவத் துறவி ஒருவன் வருகிறான். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கையில் கபாலம் அகப்படுகிறது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் இந்தப் பொறி துருப்பிடிக்கவில்லை. ஒரு பொருள் காணாமல் போகிறது, தப்பான ஆள் மாட்டுகிறார், அவர் விளக்கம் சொல்லச் சொல்ல சந்தேகம் கூடுகிறது. இந்தச் சங்கிலியில் வேடிக்கை பண்ணுகிறவர் எவரும் இல்லை. ஆளுக்கு ஆள் உயிர் போகிற அவசரம்.

மாணவர்களுக்குப் புரியவைக்கக் கடினமானது இந்த இடம்தான். சிரிப்பு நாடகம் என்றதும் குரலைக் கோணலாக்கி, கண்ணை உருட்டி, சபையைப் பார்த்துப் பல்லைக் காட்டத் தோன்றும். ஃபார்ஸில் அது ஆகாது. மேடையில் நிற்பவருக்கு நடப்பது பேராபத்தாகத் தோன்ற வேண்டும். அவர் எவ்வளவு பயப்படுகிறாரோ அவ்வளவுக்குப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் வேண்டும். பழங்காலக் கதை கைகொடுப்பது இங்கேதான். பிராண்டன் தாமஸ் எழுதிய 'சார்லீஸ் ஆன்ட்' 1892-இல் லண்டனுக்கு வந்து, தொடர்ந்து 1,466 முறை ஆடியது. ஆக்ஸ்போர்டு மாணவர்கள் இருவர் தாங்கள் விரும்பும் பெண்களை அறைக்கு விருந்துக்கு அழைக்கிறார்கள். மூத்த பெண்மணி ஒருவர் கூட இல்லாமல் அந்தப் பெண்கள் வரக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. வரவேண்டிய அத்தை வரவில்லை. நண்பன் ஒருவனுக்குக் கவுன் மாட்டி அத்தையாக உட்காரவைக்கிறார்கள். பிறகு நிஜ அத்தை வந்து சேர்கிறார். அந்த ஒரு கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் மொத்த நாடகமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

ஆனால் பெங்களூர்ப் பிள்ளைகள் ஆக்ஸ்போர்டுக்குப் போவானேன் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊரிலேயே டி.பி.கைலாசம் இருந்தார். வீட்டில் தமிழ் பேசிய குடும்பம். தந்தை பரமசிவ ஐயர் மைசூர் சமஸ்தானத்து நீதிபதி. மகன் லண்டனில் நிலவியல் படித்துத் திரும்பி, அரசு வேலையிலும் சேர்ந்து, பிறகு அதை உதறிவிட்டுக் கன்னட நாடகத்துக்கு வந்துவிட்டார். புராணமும் பாட்டுமாக இருந்த மேடைக்கு நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்தைக் கொண்டுவந்தவர் அவர். நாடகங்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார். சொல்லச் சொல்ல நண்பர்கள் எழுதிக்கொள்வார்கள். வசனத்தில் பேச்சின் மூச்சு அப்படியே தங்கியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1945-இல் சென்னையில் நடந்த கன்னட சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தார்; அடுத்த ஆண்டே காலமானார்.

1918-இல் வந்த அவருடைய 'டொள்ளு கட்டி' பள்ளிக்கூடத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் பரீட்சையில் முதல் மார்க், அப்பாவின் செல்லம். மற்றவன் படிப்பில் தேறாதவன். வீட்டுக்குக் கஷ்டம் வரும்போது யார் உள்ளீடற்றவன், யார் கெட்டியானவன் என்பது வெளிப்படுகிறது. கறாராகப் பார்த்தால் இதை முழு ஃபார்ஸ் என்று சொல்ல முடியாது. சிரிப்பில் கிளம்பி வேறு இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. சுத்தமான கேலி வேண்டுமென்றால் 'பண்ட்வாளவில்லத படாயி' இருக்கிறது: கையில் முதல் இல்லாத வக்கீலின் படாடோபம். என்றாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் முதல் நாடகத்தைத்தான் கொடுப்பேன். ரிசல்ட் நாளன்று அப்பா முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பயத்தை அவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டாம். நூறாண்டுக்கு முந்திய கூடத்தில் அவர்களுக்குப் புதிதாக இருக்கப்போவது உடையும் பேச்சும்தான்.

பேச்சைப் பார்ப்போம். கைலாசத்தின் பாத்திரங்கள் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே வாக்கியத்துக்குள் போட்டுக் குழைப்பார்கள். இன்றைய ஜெயநகர்ப் பிள்ளையும் அப்படித்தான் பேசுகிறாள். வித்தியாசம், 1918-இன் ஆங்கிலத்தில் வக்கீல் குமாஸ்தா மிடுக்கு இருக்கும்; ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் மெடல் குத்திக்கொண்டதுபோல் உச்சரிக்க வேண்டும். சாதாரணமாகச் சொல்லிவிட்டால் கேலி செத்துப்போகும்.

உடையில் பஞ்சகச்சம்தான் வில்லன். மேடையேறும் நாளில் முதல்முறை கட்டிக்கொண்டால் பையன் பாதி கவனத்தை இடுப்பில் வைத்திருப்பான். ஒத்திகையின் முதல் வாரத்திலிருந்தே கட்டிப் பழக வேண்டும். மைசூர் பேட்டா தலையில் ஏறியதும் கழுத்து தானாக நிமிர்கிறது, நடை மெதுவாகிறது. கோட்டுப் பையில் சங்கிலிக் கடிகாரம் இருந்தால் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. அப்பா வேடக்காரனுக்கு இந்த மூன்றும் செய்யும் உதவியைப் பத்து நடிப்புப் பயிற்சி செய்யாது.

இனி தச்சர். பள்ளி நாடகங்களில் படுதாவில் கதவை வரைந்துவிடுவது வழக்கம். ஃபார்ஸுக்கு நிஜக் கதவு வேண்டும், நிஜமாகத் தாழ் விழ வேண்டும். ரீப்பர் சட்டத்தில் ப்ளைவுட் அடித்த சுவர் என்றால், கதவை அறைந்து சாத்தும்போது வீடே ஆடும்; பார்ப்பவர்கள் தப்பான இடத்தில் சிரிப்பார்கள். பின்பக்கம் சாய்வாக முட்டுக் கொடுத்து, முட்டின் காலில் மணல் மூட்டை ஏற்ற வேண்டும். கீல் மேடையின் பின்புறம் பார்த்த பக்கத்தில் இருக்கட்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். அப்போதுதான் உள்ளே வருகிறவரைக் கதவுப் பலகை மறைக்காது. காற்றில் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு மேக்னெட் கேட்ச் போதும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரிஸைச் சிரிக்கவைத்த ஜார்ஜ் ஃபெய்தோ, எந்தக் கதவு எங்கே, எந்த நாற்காலி எங்கே என்று மேடைக்குறிப்பில் துல்லியமாக எழுதிவிடுவார். 1907-இல் வந்த 'எ ஃப்ளீ இன் ஹெர் இயர்' நாடகத்தில் ஒரு கட்டிலே சுவரோடு சேர்ந்து சுழன்று அடுத்த அறைக்குப் போய்விடும். பள்ளிக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு நல்ல கதவுகள் போதும்.

கதவு தயாரான பிறகுதான் டைமிங். வசனத்தை மட்டும், பாவனை எதுவுமின்றி, இரட்டை வேகத்தில் ஒப்பிக்கவிடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். எங்கே நினைவு தடுக்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். சபை சிரிக்கும்போது அடுத்த வசனத்தை எப்போது எடுப்பது என்பதுதான் பெரிய வித்தை. சிரிப்பின் மேலேயே பேசினால் கேட்காது. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும். உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். வெற்று ஹாலில் இதைப் பழக முடியாது. ஆகவே கடைசி ஒத்திகைகளுக்கு இன்னொரு வகுப்பைக் கூட்டிவந்து உட்காரவைக்க வேண்டும், எட்டாம் வகுப்பாக இருந்தால் உத்தமம்.

அறை வாங்குகிற காட்சிக்கும் ஒரு கணக்கு உண்டு. அடிக்கிற கை கன்னத்தைத் தொடவே தொடாது. சத்தத்தை எழுப்புவது அடி வாங்குகிறவர். சபைக்கு மறைவாகத் தன் கைகளையே தட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு நாளும் திரை எழும் முன்பு, அந்த இடத்தை மெதுவாக ஒருமுறை செய்துபார்த்த பிறகே மேடைக்கு விட வேண்டும். விழுவதற்கும் இதே விதி.

பார்வையாளருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஜே.பி.நகரில் 2004-இல் திறந்த ரங்க சங்கரா அரங்கில் நாடகம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை. பெற்றோர் முணுமுணுத்தாலும் பள்ளியும் இதைப் பின்பற்றலாம். யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்பது முதல் பத்து நிமிடத்தில் சொல்லப்பட்டுவிடும். அதைத் தவறவிட்டவருக்கு மற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது.

உரிமைப் பிரச்சினை பற்றித் தலைமையாசிரியர் கேட்பார். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. கைலாசம் 1946-இல் இறந்ததால், அவர் வாழ்நாளில் வெளிவந்தவை 2007 முதல் பொதுச்சொத்து. யாரும் போடலாம், தமிழிலும் பெயர்த்துக்கொள்ளலாம். பிறர் செய்த மொழிபெயர்ப்பை எடுத்தால் மட்டும் அவரிடம் கேட்க வேண்டும். உரிமை இன்னும் உள்ள நாடகமாக இருந்தாலும்கூட, மாணவர்களும் ஆசிரியர்களும் நடித்து, பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெற்றோரும் மட்டுமே பார்ப்பதென்றால் சட்டம் விலக்கு அளிக்கிறது. வெளியாருக்கு டிக்கெட் விற்கும்போது அந்த விலக்கு கிடையாது.