நட்புப் பாலம்

இந்தியாவைப் போலவே தாய்லாந்திலும் ஊர்திகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. அண்டை நாடான லாவோசிலோ அவை வலப்புறமாகச் செல்கின்றன. இரு நாடுகளையும் பிரிக்கும் மீகாங் ஆற்றின்மீது பாலம் அமைத்தால், அதில் எப்பக்கமாகச் செல்வது? தாய்லாந்தின் நோங்காய் நகரையும் லாவோசின் தலைநகரான வியஞ்சானின் புறப்பகுதியையும் இணைக்கும் நட்புப் பாலத்தில் இதற்கு எளிய விடை காணப்பட்டது. பாலம் முழுவதும் தாய்லாந்து முறையே பின்பற்றப்படுகிறது. லாவோஸ் கரையில், சோதனைச் சாவடிக்குச் சற்று முன்பாக, விளக்குகளின் கட்டுப்பாட்டில் ஊர்திகள் வலப்புறத்திற்கு மாறுகின்றன.

பக்கம் மாறுவது எளிது. பகை மாறுவதுதான் அரிது. சயாம் என்று அன்று வழங்கப்பட்ட தாய்லாந்திடமிருந்து மீகாங்கின் இடக்கரை நிலத்தை 1893ஆம் ஆண்டு பிரான்சு பெற்றுக்கொண்டது. இரு கரைகளிலும் லாவோ மொழி பேசிய மக்களின் நடுவே ஓடிய ஆறு அன்றுமுதல் எல்லைக்கோடாயிற்று. வடகிழக்குத் தாய்லாந்து மக்களின் பேச்சு இன்றும் லாவோ மொழிக்கு மிக நெருக்கமானது. எனினும், 1987ஆம் ஆண்டின் இறுதியில் இரு நாட்டுப் படைகளும் எல்லைச் சிற்றூர் ஒன்றிற்காகப் போரிட்டன. ஆகவே, ‘நட்பு’ என்னும் பெயர் வெறும் அலங்காரமன்று.

லாவோசுக்குக் கடற்கரை இல்லை. தாய்லாந்துத் துறைமுகத்தில் இறங்கும் பண்டங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிலவழியே வந்து, இறுதியில் இந்த ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்துக் கிடந்தன. ஆஸ்திரேலியாவின் நிதியுதவியால் எழுந்த 1,170 மீட்டர் நீளப் பாலம் அக்காத்திருப்பை நீக்கியது. கீழ் மீகாங்கின் குறுக்கே அமைந்த முதற்பாலம் இதுவே. 1994 ஏப்ரல் 8 அன்று நடைபெற்ற திறப்பு விழாவின்போது, 27 ஆண்டுகளாக அயல்நாடு எதற்கும் செல்லாதிருந்த தாய்லாந்து மன்னர் பூமிபோல் ஆற்றைக் கடந்து லாவோஸ் மண்ணில் கால்வைத்தார்.

பாலத்தின் இருபுறமும் நடைபாதைகளும் அவற்றுக்கிடையே இரு சாலைத் தடங்களும் உள்ளன. நடுவே ஒற்றை இருப்புப்பாதைக்கும் இடம் விடப்பட்டது. பாலம் திறக்கப்பட்டபோது லாவோசில் தொடர்வண்டியே ஓடவில்லை என்பதை எண்ணினால், அந்த இடைவெளியின் துணிவு புலப்படும். 15 ஆண்டுகள் கழித்து, 2009 மார்ச் மாதத்தில், முதல் பயணியர் தொடர்வண்டி நோங்காயிலிருந்து ஆற்றைக் கடந்தது. தண்டவாளம் சாலையோடு ஒரே தளத்தில் பதிந்திருப்பதால், வண்டி வரும்போதெல்லாம் இரு நாட்டு ஊர்திகளும் தத்தம் கரையில் நின்று வழிவிடுகின்றன.