680 கிலோமீட்டர் ஆழத்துப் பின்னதிர்வு

ஆலங்குளத்துப் பிள்ளைகளுக்கு அதிர்வைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்தால் ஜன்னல் கதவு கடகடக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குவாரி வெடி தரைக்குச் சில மீட்டர் கீழே வெடிப்பது. 600, 700 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை முறிந்தால்? அதற்குப் பிறகும் சின்னச் சின்ன அதிர்வுகள் தொடருமா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஆழம் சுமார் 15 கிலோமீட்டர்தான். அதைத் தொடர்ந்த அதிர்வுகள், அதாவது பின்னதிர்வுகள், நூற்றுக்கணக்கில் வந்தன. மே 12 அன்று வந்தது 7.3 அளவுக்குப் பெரியது. அந்த மாதமே 30ஆம் தேதி, ஜப்பானுக்குத் தெற்கே போனின் தீவுகளுக்கு அடியில் 7.9 அளவில் இன்னொன்று. ஆழம் சுமார் 680 கிலோமீட்டர். ஜப்பானின் 47 மாநிலங்களிலும் அது உணரப்பட்டது. ஆனால் பின்னதிர்வுகளோ மிகக் குறைவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

உண்மையில், அவ்வளவு ஆழத்தில் நிலநடுக்கம் வருவதே பெரிய புதிர். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது. அதுவே 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். 600 கிலோமீட்டர் கீழே வெப்பமும் அழுத்தமும் கடுமையாக இருப்பதால், பாறை உடையாமல் மெல்ல வளைந்து நெளியத்தான் வேண்டும். ஆனால் பசிபிக் கடலடித் தட்டு போன்ற பழைய, குளிர்ந்த புவித்தட்டு மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்துக்குள் அமிழும்போது, அதன் நடுப்பகுதி சூடேறக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அங்கே ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் உண்டு. அந்த அழுத்தத்தில் அது நெருக்கமான வேறு வடிவத்துக்கு மாறியிருக்க வேண்டும். குளிரால் மாறாமலே கீழே போகிறது. ஒரு கட்டத்தில் சட்டென்று மாறும்போது, மாறிய மெல்லிய அடுக்கு வலுவிழந்து வழுக்குகிறது. ஆழ நிலநடுக்கத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் முக்கியமானது இது.

இது சரியென்றால் பின்னதிர்வுகளுக்கும் ஒரு கணக்கு வர வேண்டும்: குளிர்ந்த தட்டில் அதிகம், சூடான தட்டில் குறைவு. 1994இல் அப்படியே நடந்தது. மார்ச்சில் டோங்காவுக்கு அடியில் 7.6 அளவில் ஒரு நிலநடுக்கம். அங்கே அமிழும் தட்டு பழையது, குளிர்ந்தது, பின்னதிர்வுகள் ஏராளம். ஜூனில் பொலிவியாவுக்கு அடியில் 8.2 அளவில் இன்னொன்று. அது டோங்காவினுடையதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் தட்டு சூடானது, பின்னதிர்வுகளோ சொற்பம். எந்தத் துளையும் எட்டாத ஆழத்தில் ஒரு தட்டு குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று பின்னதிர்வுகளின் எண்ணிக்கையை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்! எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, எண்ணுவது எப்படி? இதில் நம் நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. 1897இல் அசாமில் வந்த பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆர்.டி. ஓல்டாம். முதன்மை அலை, இரண்டாம் நிலை அலை, மேற்பரப்பு அலை என மூன்று வகைகளைப் பதிவுகளில் பிரித்துக் காட்டியவர் அவர். நமக்கு வடக்கே கொடைக்கானல் மலையில் 1899இலேயே நில அதிர்வுமானி வைத்துவிட்டார்கள்.

போனின் தீவு நிலநடுக்கம் நம் நேரப்படி மாலை 4.53க்கு நடந்தது. அதன் முதன்மை அலை ஏறத்தாழ ஒன்பது நிமிடத்தில் தென் தமிழ்நாட்டுக்கு வந்துவிடும். நம் காலுக்கு ஒன்றும் தெரியாது, கருவிக்குத் தெரியும். அப்படிப்பட்ட பதிவைக் கிட்டத்தில் பாருங்கள். அமைதியான கோடு திடீரென்று எகிறும். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுமேல் கழித்து இன்னொரு துள்ளல். அது பின்னதிர்வு அல்ல. அதே நிலநடுக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கிளம்பிய அலை, தரையில் பட்டுத் திரும்பிச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த இடைவெளியை வைத்துத்தான் நிலநடுக்கத்தின் ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். பூமியின் கருவத்தில் பட்டுத் திரும்பும் அலையும் இருக்கிறது. இத்தனை எதிரொலிகளுக்கு நடுவே உண்மையான பின்னதிர்வு ஒளிந்துகொள்ளும்.

ஒரே கருவியை வைத்து அதைப் பிடிப்பது கடினம். ராஜபாளையத்தில் நாய் வளர்க்கும் தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒரு நாய் மட்டும் குரைத்தால் அது பூனையைப் பார்த்ததாக இருக்கலாம். தெருமுனை வீட்டில் தொடங்கி அடுத்தடுத்த வீட்டு நாய்கள் வரிசையாகக் குரைத்தால், ஆள் வருகிறார் என்பதும், எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகமாக வருகிறார் என்பதும் தெரிந்துவிடும். கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் நிலையம் இப்படித்தான் வேலை செய்கிறது. 1965 முதல் அங்கே 20 அதிர்வுமானிகள், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு வரிசைகளாகப் பல கிலோமீட்டருக்கு நீண்டிருக்கின்றன. எந்த நாட்டில் அணுகுண்டு வெடித்தாலும் கண்டறிவதற்காக அமைத்தது அது. கருவத்தில் பட்டு ஏறக்குறையச் செங்குத்தாக மேலே வரும் அலை எல்லாக் கருவிகளையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடும்; தொலைவிலிருந்து சாய்வாக நேரே வரும் அலை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும். அந்த நேர வித்தியாசத்தைச் சரிசெய்து எல்லாப் பதிவுகளையும் கூட்டினால், இரைச்சல் அடங்கி மறைந்திருந்த பின்னதிர்வு தலைகாட்டும்.

ஜப்பானில் இதுபோல் ஏறத்தாழ 800 கருவிகள் துளைகளுக்குள் இருக்கின்றன. அவற்றின் பதிவுகளைக் கொண்டு 2021இல் ஓர் ஆய்வுக் குழு, போனின் பின்னதிர்வுகளில் ஒன்று 751 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தது என்று அறிவித்தது. அது கீழ்க் கவசம். ஆலிவின் விளக்கம் அங்கே எடுபடாது. பின்னர் வேறொரு குழு மறுபடி தேடிப் பார்த்தபோது, கீழ்க் கவசத்தில் பின்னதிர்வு நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்கள் கண்ட பின்னதிர்வுகள், ஆலிவின் மாறாமல் இருக்கக்கூடிய குளிர்ந்த பகுதியோடு ஒத்துப்போயின.