உங்களுக்குத் தெரியுமா? தெருக்கூத்து வேடத்துக்குக் கட்டையே வரைபடம்!

மேடை உடைகளுக்காகத் தீட்டப்பட்ட பழைய ஓவியங்களைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உண்டு. 1909-இல் பாரிஸில் ஆடத் தொடங்கிய ரஷ்ய பாலே குழுவுக்கு லியோன் பாக்ஸ்ட் வரைந்த தாள்கள் இன்று அருங்காட்சியகங்களின் செல்வம். ‘காந்தி’ படத்தின் உடைகளுக்காக 1983-இல் ஆஸ்கர் பெற்ற பானு அத்தையாவின் ஓவியங்களையும் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

தருமபுரி மாவட்டத்தில் வேரூன்றிய தெருக்கூத்துக்கு இப்படி வரைந்து வைக்கும் மரபு இல்லை. ‘கட்டை’ எனப்படும் மர அணிகலன்களில் பழையதே புதியதற்கு மாதிரி. அளவும் அமைப்பும் கூத்து வாத்தியாரிடமிருந்து கைப்பழக்கமாக இறங்கி வருகின்றன. அரசர், வீரர் வேடங்களுக்கான கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குகிறார்கள். விடிய விடிய ஆடும் உடம்பு தாங்க வேண்டுமே! செதுக்கிய கட்டைகளின்மேல் வண்ணத்தாளும் ஜிகினாவும் ஒட்டி, சிறுசிறு கண்ணாடித் துண்டுகளைப் பதிக்கிறார்கள். நடிகர் சுழன்றாடும்போது ஒவ்வொரு சில்லும் விளக்கொளியை வாங்கித் திருப்பும். கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தவருக்கும் வேடம் துலங்கும்.

இந்த மென்மரத்தைப் பூச்சி எளிதில் அரித்துவிடும். ஒரு கட்டை உளுத்துப்போனால் மாதிரியும் அதோடு போய்விடும். ஆகவே, கிரீடத்தை விலைக்கு வாங்கி அலமாரியில் வைப்பதைவிட, அதை அளந்து வரைந்து வைப்பதே உயர்ந்த சேகரிப்பு. முன்பக்கத்தோடு, கயிறு கட்டும் துளைகளும் மூட்டுகளும் தெரியும் பின்பக்கத்தையும் வரைய வேண்டும். எந்த வேடத்துக்கு, எந்தக் குழு பயன்படுத்தியது என்பதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும்.