ஆர்க்காட்டில் கிளைவ்

பாலாற்றின் வடகரையில் வாலாஜாபேட்டையும் தென்கரையில் ஆர்க்காடும் அமைந்துள்ளன. 1751ஆம் ஆண்டு சந்தா சாகிபு, முகமது அலியைத் திருச்சிராப்பள்ளியில் முற்றுகையிட்டிருந்தார். அம்முற்றுகையைத் தளர்த்தும்பொருட்டு 200 ஐரோப்பியருடனும் 300 சிப்பாய்களுடனும் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டிற்கு வந்தார். காவற்படை முன்னரே வெளியேறியமையால் நகரம் போரின்றி அவர்வசமாயிற்று.

கைப்பற்றிய நகரைக் கொள்ளையிடுதல் அக்காலப் படைகளிடம் பரவலாக இருந்தது. கிளைவ் அதனைச் செய்யவில்லை. கோட்டைக்குள் குடியிருந்த, 3000 பேருக்குக் குறையாத மக்களை அங்கேயே வாழவிட்டார். வணிகர்கள் பாதுகாப்புக்கென வைத்திருந்த பெரும்பொருளை உரியவர்களிடமே ஒப்படைத்தார். இதனைக் கருணை என்பதைவிடக் கணக்கு என்பதே பொருந்தும். உள்ளூரைப் பகைத்துக்கொண்டு வெளிப்பகையைத் தாங்குதல் அரிது.

அப்பகையும் விரைவில் வந்தது. சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபு 50 நாள் முற்றுகையிட்டார். நெற்றியில் இரும்புத்தகடு பூட்டிய யானைகள் கோட்டைக் கதவுகளை முட்ட ஏவப்பட்டன. அவை குண்டடிபட்டு மிரண்டு, தம் படையினரையே மிதித்துத் திரும்பின. முற்றுகை முறிந்தது. முகமது அலி பின்னர் 'வாலாஜா' என்னும் பட்டம் பெற்றார். வாலாஜாபேட்டை அவர் பெயரால் வழங்குவதாகும்.