போலீஸில் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் ஏன் எடுபடாது?

கொலை நடந்து இரண்டாம் நாள். நாளிதழின் முதல் பக்கத்தில், முகத்தைத் துணியால் மூடி அழைத்துச் செல்லப்படும் ஓர் இளைஞனின் படம். மேலே கொட்டை எழுத்தில் 'போலீஸில் பரபரப்பு வாக்குமூலம்'. ஏன் கொன்றான், எப்படிக் கொன்றான், ரத்தக்கறை பட்ட சட்டையை எங்கே வீசினான் என்பதெல்லாம் அவனே பேசுவது போல இரண்டு பத்தி. அதைப் படித்து முடிக்கும்போதே நம் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. சில வருடங்கள் கழித்து அதே ஆள் விடுதலையான செய்தி உள்பக்கத்தின் மூலையில் வரும். டீக்கடையில் பேப்பர் பார்ப்பவர் கேட்பார்: "அவனே ஒத்துக்கிட்டான்னு போட்டிருந்தாங்களே, அப்புறம் எப்படி விட்டாங்க?"

நியாயமான கேள்வி. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமும் 23-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. ஸ்டேஷனில் எத்தனை பக்கம் எழுதி வாங்கினாலும், இன்ஸ்பெக்டர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் விதி மாறாது. காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், பக்கத்தில் மாஜிஸ்திரேட் இல்லையென்றால் அதுவும் செல்லாது.

"குற்றவாளி தப்பிக்கத்தானே இப்படி ஓர் ஓட்டை வைத்திருக்கிறார்கள்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. இது வந்ததில் நம் ஊர் மக்கள் பட்ட அடிக்குப் பெரிய பங்கு உண்டு.

1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு விவாதம் எழுந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட ஆணையம் அமைந்தது. கேட்டால் சொல்ல மக்கள் தயாராகவே இருந்தார்கள். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 2,000 புகார்கள் வந்து குவிந்தன. நேரில் வந்து சொன்னவர்களும் உண்டு, எழுதி அனுப்பியவர்களும் உண்டு. 1855-இல் ஆணையம் கொடுத்த அறிக்கையில் நம் மொழிச் சொற்கள் ஆங்கில எழுத்தில் வருகின்றன. அதில் ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளின் ஒரு முனையைச் சேர்த்துக் கட்டி, நடுவில் விரல்களை வைத்து மறுமுனையை நெருக்குவது. இன்னொன்று, ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து, கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக அப்படியே நிறுத்துவது. சில சமயம் முதுகில் கல்லையும் ஏற்றினார்கள்.

வரி வசூலித்தவர்களும் திருடனைப் பிடித்தவர்களும் அன்று ஒரே ஆட்கள். தாசில்தாரே அந்த வட்டாரத்துப் போலீஸுக்கும் தலைவர். நிலவரி பாக்கிக்கு எடுத்த அதே கிட்டியைத் திருட்டு வழக்கில் 'உண்மை' வரவழைக்கவும் எடுத்தார்கள். அறிக்கைக்குப் பிறகு 1859-இல் சென்னை மாகாணத்துக்கு வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்று எழுதிவைத்தது. பதினொரு ஆண்டு கழித்து அந்த விதி சாட்சியச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஆட்சி செய்ய வந்த வெள்ளைக்காரனே தன் போலீஸை நம்பி ஒப்புதல் வாங்க அனுமதிக்கவில்லை. அடித்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுவதே வீண்தானா? இல்லை. துப்புத் துலக்க அது உதவும். அதோடு சட்டத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. பழைய சட்டத்தில் 27-ஆம் பிரிவாக இருந்த இது, இப்போது 23-ஆம் பிரிவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. காவலில் உள்ளவர் சொன்ன தகவலைக் கொண்டு ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள வரிகள் மட்டும் செல்லும்.

நம் ஊர் குற்றப்பத்திரிகைகளைப் புரட்டியவர்களுக்கு அந்த வரிகள் மனப்பாடமாகவே இருக்கும். "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்." ஆளும் மாறும், ஊரும் மாறும், இந்த வாக்கியம் மாறாது. பிறகு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பொருளைக் கைப்பற்றி மகஜர் எழுதுவார்கள். அந்தச் சாட்சிகளில் ஒருவர் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலராகவோ அவருடைய உதவியாளராகவோ இருப்பார்.

எது செல்லும், எது செல்லாது என்பதற்கு இன்றும் எல்லா நீதிமன்றங்களும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுகுரி கோட்டய்யா வழக்கில் வந்தது. 1946 டிசம்பரில் சொன்ன தீர்ப்பு. அதில் வரும் உதாரணம் எளிது. "என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கும் கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார், கத்தி கிடைக்கிறது. அங்கே கத்தி இருந்தது அவருக்குத் தெரியும் என்பதற்கு அந்த வாக்கியம் சாட்சியம். அதோடு "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்றும் சேர்த்துச் சொன்னால், சேர்த்த பகுதி செல்லாது. குத்தினார் என்பதைப் போலீஸ் வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். கத்தியில் இருந்த ரத்தம் இறந்தவருடையதா? சம்பவ நேரத்தில் இவர் அந்தப் பக்கம் வந்ததைப் பார்த்தவர் யார்? கேமராவில் பதிவு இருக்கிறதா? இந்த வேலையைச் செய்யாமல் வாக்குமூலத்தை நம்பி உட்கார்ந்த வழக்குகள்தான் விடுதலையில் முடிகின்றன. டீக்கடையில் கேள்வி கேட்டவர் கோபப்பட வேண்டியது அந்த அரைகுறைப் புலனாய்வின் மேல்.

இந்த விலக்குக்கு ஒரு கொடிய பக்கம் உண்டு. பொருள் கிடைத்தால் வழக்கு நிற்கும் என்றால், பொருளைக் கக்கவைக்க அடிக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவரைப் போலீஸார் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். காரில் இருந்த நகை காணோம் என்ற புகார். அந்த இளைஞர் உயிரோடு வீடு திரும்பவில்லை. உடலெங்கும் காயங்கள். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 1855-இல் கிட்டியை நெருக்கிக் கேட்ட கேள்வியும் "எங்கே ஒளித்தாய்?" என்பதுதான். பிடிபட்டவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்து, "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்" என்று நாம் பகிர்ந்து சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும். மாவுக்கட்டு விழுந்தவருக்கும் மடப்புரத்து இளைஞருக்கும் நடுவே இருப்பது சில அடிகள் மட்டுமே.

உண்மையிலேயே மனம் வருந்தி ஒப்புக்கொள்ள நினைப்பவருக்கு வழி இருக்கிறது. அவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய்ச் சொல்லலாம். அதைப் பதிவு செய்யும் முறையை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவு விவரிக்கிறது. பழைய சட்டத்தில் இது 164. போலீஸார் அறைக்கு வெளியே போய்விட வேண்டும். 'நீங்கள் வாக்குமூலம் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. கொடுத்தால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம்' என்று மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்ல வேண்டும். யோசிக்க அவகாசம் தருவார்கள், வழக்கமாக ஒரு நாள். பிறகு வந்து "எனக்கு விருப்பமில்லை" என்றால், அவரைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் பாதுகாப்பின் உயிர் இருக்கிறது. இங்கே மறுத்தால் அங்கே போய் உதைபடுவோம் என்ற பயம் இருக்கும்வரை யாரும் மனதிலிருந்து பேசமாட்டார்கள்.

விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் எஸ்.பி. அந்தஸ்துள்ள போலீஸ் அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. மறுவருடம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. அந்தக் குற்றங்கள் தடா சட்டத்தின் கீழ் வராது என்றே சொன்ன நீதிமன்றம், தடாவின்படி வாங்கிய ஒப்புதல்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. தண்டனை உறுதியானவர்களில் பேரறிவாளனும் ஒருவர். பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. அது எதற்காக என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். விட்டுப்போனது ஒரே ஒரு வாக்கியம். 19 வயதில் கைதான பேரறிவாளன், 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது ஐம்பதை ஒட்டியிருந்தார். தடா 1995-இல் காலாவதியானது. அதே விதியைக் கொண்டுவந்த பொடாவும் 2004-இல் போனது.

இன்னும் இரண்டு தீர்ப்புகள். உண்மை கண்டறியும் ஊசி, பொய் கண்டறியும் கருவி ஆகியவற்றை ஒருவரின் சம்மதமில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போதைப்பொருள் வழக்குகளில், போலீஸ் சீருடை அணியாத விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதலும் செல்லாது என்று 2020 அக்டோபரில் சொன்னது. அது தமிழ்நாட்டு அரசு எதிர்த்தரப்பாக இருந்த தூஃபான் சிங் வழக்கு. இரண்டுக்கும் அடியில் இருப்பது அரசமைப்பின் 20(3). குற்றம் சாட்டப்பட்ட யாரையும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ விசாரணைக்கு என்று அழைத்துப் போனால் இவற்றை நினைவில் வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. அவர் முழு நேரமும் கூடவே இருக்க முடியாது, ஆனால் சந்திக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். "போலீஸார் அடித்தார்களா?" என்று அங்கே கேட்பார்கள். வெளியே நிற்கும் போலீஸை நினைத்துப் பலர் அந்த நொடியில் "இல்லைங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அடித்திருந்தால் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள், காயத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சொன்னது பதிவாகும். சொல்லாமல் விட்டதைப் பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம்.